சீட்டுக்கு மார்க்... சம்பளத்துக்கு எது?



மாவடு ஜாடியில் ஊறும். வடாம் மொட்டை மாடியில் காயும். பிளஸ் டூ ரிசல்ட் வரும். மே மாசம் என்றால் நம் வீடுகளில் இந்த மூன்றும்தான். முதல் இரண்டைப் பற்றி இந்தப் பகுதியில் எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. இந்தத் தடவை மூன்றாவதை எடுத்துக் கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அதற்குக் காரணம் ஒரு கடிதம். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார். போடவில்லை.

"அக்கா, என் வீட்டுக்காரர் டெய்லர். எங்க ரெண்டு பேர் வீட்டிலேயும் காலேஜ் வாசலை மிதிச்சவங்க யாரும் கிடையாது. பெரியவ உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சா. என்ஜினீயரிங் கட்-ஆஃப் 178 வருது. 'நம்ம வசதியைப் பார்த்து எவன் சீட் குடுப்பான், மார்க்கெல்லாம் பேருக்குத்தான்'னு அவர் சொல்றார். விண்ணப்பத்துல வருமானம் வேற கேட்டிருக்காங்க. கம்மியா எழுதினா தள்ளிடுவாங்களோ, இல்லே, பாவம்னு பார்த்து நல்ல காலேஜாக் குடுப்பாங்களோ, ஒண்ணும் புரியலே. பயந்துக்கிட்டு, பக்கத்துல இருக்கிற நாலு காலேஜை மட்டும் லிஸ்டுல போடலாம்னு இருக்கோம். சின்னவ இப்பத்தான் அஞ்சாவது முடிச்சிருக்கா..."

இந்தக் கேள்வியை இவர் ஒருத்தர் மட்டும் கேட்கவில்லை. எங்கள் தெருவில், கோயில் பிராகாரத்தில், ரேஷன் கடை வரிசையில் என்று எங்கே போனாலும் இதே கேள்விதான் வேறு வேறு ரூபத்தில் வருகிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்மி வருமானம் என்று தள்ளவும் மாட்டார்கள். பாவம் என்று கொடுக்கவும் மாட்டார்கள். சீட் கொடுக்கிற வாசல் ஒன்று, பண உதவி கொடுக்கிற வாசல் வேறு. இரண்டும் ஒரே வாசல் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

முதல் வாசல்: மார்க்

முதலில் சீட் எப்படி முடிவாகிறது என்று பார்ப்போம். நம் தமிழ்நாட்டு என்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கணக்கு மார்க் அப்படியே 100-க்கு. இயற்பியல் பாதியாக 50-க்கு. வேதியியல் பாதியாக 50-க்கு. ஆக மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கிய பெண்ணுக்கு 92, 42, 44 என்று கூட்டினால் 178. அவ்வளவுதான் கட்-ஆஃப். இட்லிக்கு அரிசி உளுந்து அளக்கிற நமக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய விஷயமா என்ன!

1984-லிருந்து நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கும். 2006-ல் சட்டம் கொண்டு வந்து, 2007 சேர்க்கையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பட்டணத்தில் இருந்து, பணம் கட்டி, கோச்சிங் போகிற பிள்ளைகளுக்கே அது தோதாக இருக்கிறது என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். 2017 வரைக்கும் மூட்டை முடிச்சோடு சென்னைக்குப் போய் அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். 2019-லிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது.

அந்தத் தரவரிசைப் பட்டியலில் எது பார்க்கப்படுகிறது? மார்க். அதோடு எந்த சமூகப் பிரிவு என்பது. பிற்படுத்தப்பட்டோருக்கு முஸ்லிம்களையும் சேர்த்து 30 சதவீதம், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு அருந்ததியரையும் சேர்த்து 18, பழங்குடியினருக்கு 1 என்று 69 சதவீத ஒதுக்கீடு. 1993-ல் சட்டமாகவே ஆனது. இதிலும் வருமானம் குறுக்கே வருவதில்லை. ஒரே பிரிவில் இருக்கிற மில் முதலாளி மகளும் டெய்லர் மகளும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள். இரண்டு பேர் மார்க் சமமாக வந்துவிட்டால், கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், இயற்பியல் மார்க்கைப் பார்ப்பார்கள், கடைசியில் பிறந்த தேதி, குலுக்கல் எண் வரைக்கும் கூடப் போவார்கள். அப்போதும் உங்கள் வீட்டு வரும்படி பேச்சுக்கு வராது.

அப்படியானால் விண்ணப்பத்தில் வருமானத்தை எதற்குக் கேட்கிறார்கள்? உதவித் தொகைக்காக. தரவரிசைக்காக இல்லை. அந்தக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கௌரவத்துக்காகக் கூட்டியும் எழுத வேண்டாம், ஆசைக்காகக் குறைத்தும் எழுத வேண்டாம். பின்னால் தாசில்தார் கொடுக்கிற சான்றிதழோடு அது ஒத்துப் போக வேண்டும்.

அரசுக் கலைக் கல்லூரியிலும் இதே முறைதான். மொழிப் பாடங்கள் போக மற்ற நான்கு பாடங்களின் 400 மார்க்கை வைத்துத் தரவரிசை. தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் என்றால் அந்த மொழிப் பாட மார்க். அவ்வளவு உயரத்தில் இருக்கிற ஐ.ஐ.டி.யிலும் இதே கதைதான். அங்கே சீட் கொடுப்பது நுழைவுத் தேர்வின் ரேங்க். ரேங்க் வந்து சீட் கிடைத்த பிறகுதான் வருமானம் என்கிற பேச்சே. 2016-ல் பி.டெக். படிப்புக்கு வருஷம் 2 லட்சம் என்று கட்டணத்தை உயர்த்தினார்கள். அதே சமயம் ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளுக்கும், குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அந்தக் கட்டணம் முழுசும் தள்ளுபடி. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்று வைத்தார்கள். பாருங்கள், அங்கேயும் வாசல் இரண்டு!

அதனால், எழுதிக் கேட்ட சகோதரிக்கு என் முதல் பதில்: கல்லூரிப் பட்டியலை நாலோடு நிறுத்த வேண்டாம். பணத்துக்குப் பயந்து முதல் வாசலிலேயே நீங்களாகப் பின்வாங்கினால், உங்கள் பெண் வாங்கிய 178-ஐ நீங்களே 150 ஆக்கிவிட்ட மாதிரி. கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் எத்தனை நீளமாக இருந்தாலும் காசு கூடக் கேட்க மாட்டார்கள். எது வேண்டுமோ அதை மேலே போட்டு, வரிசையாகக் கீழே இறங்கி வாருங்கள்.

இரண்டாவது வாசல்: சம்பளம்

எங்கள் காலத்தில் ஃபீஸ் என்று சொல்ல மாட்டோம். "காலேஜ் சம்பளம்" என்போம். வாத்தியாருக்குப் போகிற சம்பளத்தைப் பிள்ளைகள் கட்டுவதால் அந்தப் பேர் வந்ததோ என்னவோ. அந்தச் சம்பளம் எவ்வளவு?

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே அளவு கிடையாது. அரசுக் கல்லூரியிலும், அண்ணா பல்கலைக்கழகத் துறைக் கல்லூரிகளிலும் குறைவு. மதுரை தியாகராசர், கோவை பி.எஸ்.ஜி. போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே கல்லூரிக்குள்ளேயே அரசு உதவி பெறும் பிரிவுக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவுக்கு வேறு கட்டணம். பட்டியல் போடும்போது கல்லூரிப் பெயரோடு இதையும் கவனிக்க வேண்டும்.

தனியார் சுயநிதிக் கல்லூரியிலும் இஷ்டத்துக்குக் கேட்க முடியாது. கவுன்சலிங் வழியாகப் போகிற பிள்ளைக்கு அரசுக் குழு நிர்ணயித்ததுதான் கட்டணம். 2017-ல் அந்தக் குழு வைத்த கணக்கு: கவுன்சலிங் இடத்துக்கு வருஷம் 50,000, தரச் சான்று பெற்ற பாடப் பிரிவு என்றால் 55,000, அதே வகுப்பில், அதே பெஞ்சில், நிர்வாக ஒதுக்கீட்டில் வந்து உட்காருகிற பிள்ளைக்கு 85,000, 87,000. வித்தியாசத்தைப் பாருங்கள். கவுன்சலிங்குக்கு வெளியே, "இப்பவே கட்டினால்தான் சீட்" என்று போன் மேல் போன் போட்டு அவசரப்படுத்துகிறவர்கள் எதற்காக அவசரப்படுத்துகிறார்கள் என்பது இந்த வித்தியாசத்திலேயே இருக்கிறது. நன்கொடை என்ற பேரில் ரசீது இல்லாமல் வாங்குவதைத் தடை செய்து 1992-லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. ரசீது தராத கையில் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. அவர்கள் சேர்க்கையும் தனி, கட்டணமும் தனி. கவுன்சலிங் கட்டணம் அங்கே செல்லாது.

இனி உதவிகளுக்கு வருவோம்.

முதல் பட்டதாரிச் சலுகை: 2010-ல் வந்தது. குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. முதல் முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கற்பிப்புக் கட்டணத்தில் சலுகை. சாதியும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. ஆனால் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் கிடையாது. நம் விழுப்புரம் சகோதரியின் பெண்ணுக்கு இது அப்படியே பொருந்துகிறது! "பக்கத்துக் காலேஜில் நேரே பணம் கட்டிச் சேர்த்துவிடலாம்" என்று அவர்கள் போயிருந்தால் இந்தச் சலுகை கை நழுவியிருக்கும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு, பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தருகிற போஸ்ட் மெட்ரிக் உதவித் தொகை உண்டு. பிற்பட்ட, மிகப் பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கும் தனித் தனியே உதவித் தொகைகள் இருக்கின்றன. கல்லூரியில் சேர்ந்த கையோடு அலுவலகத்தில் "ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எப்போது?" என்று பெண்ணையே கேட்கச் சொல்லுங்கள். அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

பெண் குழந்தைகளுக்கென்று 2022 செப்டம்பரில் தொடங்கியது புதுமைப் பெண் திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே படிக்கப் போனால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பேரிலேயே வங்கியில் விழும் என்பது ஏற்பாடு. 2024 டிசம்பர் கடைசியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் இதை விரித்தார்கள்.

இந்தத் திட்டத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1989-ல் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கென்று மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் ஓர் உதவித் திட்டம் வந்தது. பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி. 2011-ல் அதோடு தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அந்தத் திட்டத்தைத்தான் உயர்கல்வி உதவியாக மாற்றினார்கள். தாலிக்குக் கொடுத்த காசைக் காலேஜுக்குக் கொடுக்கலாம் என்று அரசாங்கத்துக்கே தோன்றிவிட்டது. நம் வீட்டு ஆண்களுக்கும் தோன்றட்டும்!

கடைசியாகக் கல்விக் கடன். கடைசியாக என்று சொல்வதைக் கவனியுங்கள். சலுகை, உதவித் தொகை எல்லாம் போக மிச்சத்துக்குத்தான் கடன். 4 லட்சம் வரை வங்கி ஜாமீன் சொத்து கேட்கக் கூடாது. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் போன பிறகுதான் தவணை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வட்டிக்கு மானியம் உண்டா என்று வங்கியில் அப்போதே கேட்டு வையுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. எடுத்த எடுப்பிலேயே வளையலை அடகு வைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

மார்க்குக்கும் காசு வேண்டுமே?

"அதெல்லாம் சரி அக்கா, மார்க்கைப் பார்த்துத்தான் சீட் என்றால் அதுதானே நியாயம்?" என்று யாராவது கேட்பீர்கள். அரை நியாயம்தான் என்பேன் நான். டியூஷனுக்கு வைக்க வசதி உள்ள வீட்டிலும், விடியற்காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற வீட்டிலும் மார்க் ஒரே மாதிரியா வரும்?

இதைச் சுப்ரீம் கோர்ட்டே யோசித்துப் பார்த்திருக்கிறது. அந்தக் கதை நாம் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டியது. வடக்கே மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயின் என்ற பெண்ணுக்குக் கர்நாடகத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் தேவைப்பட்டது. அப்போது அங்கே அரசு இடத்துக்கு வருஷம் 2,000. கர்நாடகத்துப் பிள்ளைக்கு 25,000. வெளி மாநிலத்துப் பிள்ளைக்கு 60,000. அந்தப் பெண் வழக்குப் போட்டாள். காசுக்கு சீட் விற்பது கூடாது என்று 1992-ல் தீர்ப்பு. அடுத்த வருஷமே, 1993-ல், உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். தனியார் கல்லூரியில் பாதி இடம் "ஃப்ரீ சீட்", அரசுக் கட்டணம். மீதிப் பாதி "பேமெண்ட் சீட்", கூடுதல் கட்டணம். மார்க் அதிகம் உள்ளவர்களுக்கு ஃப்ரீ சீட். காதில் விழும்போது நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது என்ன? 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் உட்கார்ந்து இதைத் திரும்பப் பார்த்தார்கள். பட்டணத்து வசதியான பிள்ளைகள் மார்க் அதிகம் வாங்கி ஃப்ரீ சீட்டில் போய்விடுகிறார்கள். மார்க்கில் ஒரு மயிரிழை பின்தங்கிய கிராமத்து ஏழைப் பிள்ளை பேமெண்ட் சீட்டில் சேர்ந்து, தன் படிப்புக்கும் கட்டி, அந்தப் பணக்காரப் பிள்ளையின் படிப்புச் செலவையும் சேர்த்துச் சுமக்கிறது என்று சொல்லி அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். மார்க்குக்குப் பரிசாகப் பணச் சலுகை என்று வைத்தால் அது தேவைப்படாத வீட்டுக்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். மார்க்கையும் தேவையையும் தனித் தனியாக எடை போட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் ஊரில் நீட் தேர்வு 2017-ல் மருத்துவ சேர்க்கைக்குள் வந்த பிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போவதே அபூர்வமாகிவிட்டது. நீதிபதி கலையரசன் குழு ஆராய்ந்து பரிந்துரை கொடுத்தது. 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு என்று சட்டம் வந்தது. அந்த ஒரே வருஷத்தில் ஏறத்தாழ 400 இடங்கள். ஆனால் அந்த நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அரசுக் கல்லூரியில் வருஷக் கட்டணம் பதினைந்தாயிரத்துக்குள். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே சுமார் 4 லட்சம். கவுன்சலிங் தொடங்கிச் சில நாள் ஆன பிறகுதான் "கட்டணத்தை அரசே ஏற்கும்" என்ற அறிவிப்பு வந்தது. அதற்குள், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், "எங்களால் கட்ட முடியாது" என்று சொல்லித் திரும்பிப் போன பிள்ளைகள் உண்டு. டாக்டர் சீட்டைக் கையில் வாங்கி, கீழே வைத்துவிட்டுப் போவது என்றால்... பெற்றவள் வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! முதல் வாசல் திறந்தும் இரண்டாவது வாசல் சில நாள் தாமதமாகத் திறந்ததால் வந்த வினை அது.

ஆறாவதிலேயே ஆரம்பம்

2021-ல் இந்த 7.5 சதவீதத்தை என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று மற்றத் தொழிற் படிப்புகளுக்கும் விரித்தார்கள். படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே ஏற்பது என்றும் அப்போது அறிவித்தார்கள். இதற்கு யார் தகுதி? ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளை. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் உண்டு. உதவி பெறும் பள்ளி இதில் சேராது.

இடுப்பில் குழந்தையோடு இதைப் படிக்கிற இளம் தாய்மார்களே, "நமக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறதே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பார்த்தீர்களா, பதினேழு வயசில் கிடைக்கப் போகிற சீட்டுக்கு, பதினொரு வயசில் எடுக்கிற முடிவு கணக்கில் வருகிறது. இதற்காகவே பிள்ளையை அரசுப் பள்ளியில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் என்பது அருகாமை, வாத்தியார், குழந்தையின் சுபாவம் எல்லாம் பார்த்துச் செய்கிற தீர்மானம். ஆனால் அஞ்சாவது முடித்த சின்னவளை வைத்துக் கொண்டு, கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று யோசிக்கிற வீட்டில், எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும். ஏழாவதில் ஒரு வருஷம் வெளியே போய்விட்டு எட்டாவதில் திரும்பி வந்தாலும் அந்தத் தகுதி போய்விடும்.

டிரங்குப் பெட்டிக் காகிதங்கள்

முதல் வாசலைப் பிள்ளை படித்துத் திறக்கிறாள். இரண்டாவது வாசலைக் காகிதம்தான் திறக்கும். அந்தக் காகிதம் எல்லா வீட்டிலும் யார் கையில் இருக்கிறது? நம் கையில்தான்! பட்டுப் புடவைக்கு அடியில், டிரங்குப் பெட்டியில்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க நானும் இ-சேவை மையத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். ஆதாரில் அப்பா பெயர் முருகேசன். பள்ளிச் சான்றிதழில் முருகேஷ். குடும்ப அட்டையில் இனிஷியலே வேறு. மனு திரும்பி வந்தது. சரி செய்து முடிக்கப் பத்து நாள். நல்ல வேளை, நாங்கள் போனது ஏப்ரல் மாசம். ஜூலையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே, பிள்ளை பத்தாவது பரீட்சை எழுதுகிற வருஷமே எல்லாக் காகிதத்திலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்றிதழ் ஒரு முறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் அப்படி இல்லை; அந்தந்த வருஷத்தது கேட்பார்கள். இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறு முதல் பிளஸ் டூ வரை எங்கே படித்தாள் என்று தலைமையாசிரியர் தரும் சான்றிதழ், பெண் பேரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. இத்தனையும் ஒரு பிளாஸ்டிக் கவரில். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல்.

இன்னொன்று. அவசரப்பட்டு ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு, பிறகு கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்துத் தவிக்கிற குடும்பங்களைப் பார்க்கிறேன். போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், "சர்டிபிகேட்டைத் திருப்பித் தர மாட்டோம்" என்றே ஒரு கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அசலைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. சரி பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வைத்திருக்கும் விதிப்படி, வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கவும் கூடாது. இதை எழுத்தில் கேட்டதும் அந்த வீட்டுக்குப் பணமும் வந்தது, சர்டிபிகேட்டும் வந்தது.

தொகையும் தேதியும் விதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த வருஷத்து விளக்கக் கையேட்டைப் பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்கள் காய் நறுக்கிக் கொண்டே கேளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரிந்த மாதிரி.

பெண்ணுக்கென்றால் மட்டும்...

கடைசியாக ஒரு வார்த்தை. பையனுக்குக் குறைந்த மார்க் வந்தால் "லோன் போட்டாவது" என்கிறோம். பெண்ணுக்கு நல்ல மார்க் வந்தால் "எதுக்கு அவ்வளவு தூரம், நகைக்கு ஆகுமே" என்கிறோம். சீட் கொடுக்கிற கம்ப்யூட்டருக்கு உங்கள் வீட்டு வரும்படி தெரியாது. பட்டியலில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துக் குறைக்கவும் தெரியாது. குறைப்பது நாம்தான், வீட்டுக்குள்ளே, விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே.

வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண் இருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டுக் கடை முடிந்ததும் அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கொள்ளுங்கள். முதலில் அவள் மார்க்குக்கு எங்கெங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதில் ரூபாய்க் கணக்கே வேண்டாம். பிறகு வேறொரு காகிதத்தில், என்னென்ன சலுகைக்கு நாம் தகுதி, எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று எழுதுங்கள். இரண்டு காகிதத்தையும் ஒன்றாகக் குழப்பாமல் இருந்தாலே பாதிக் கவலை போய்விடும். மீதிப் பாதிக்கு, நாளைக் காலையில் இ-சேவை மையம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.